காலை ஒன்று, மாலை ஒன்று

செஞ்சி
12-3-1964

தம்பி கோதண்டராமனுக்கு, உன் அக்காள் புருஷன் சிங்காரவேலு எழுதுவது.

நேற்று வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தேன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது குடையை விட்டுவிடவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். மகள் ஜெயமும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம். நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு என்னை அந்தப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனாய். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் பஸ்ஸிலேயே குறித்துக்கொண்டேன். தேதி சரி. கிழமை தவறு. ஐந்து சாமான்களின் பெயரைச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார்; இரண்டுதான் நினைவில் இருந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். எழுபத்தொன்பதில் நின்றுவிட்டேன். தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் எழுத்து வேலை பார்த்தவன், எழுபத்தொன்பதில் நின்றேன்.

பிறகு என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உன்னோடு நெடுநேரம் பேசினார். மறுபடி என்னை உள்ளே கூப்பிட்டு, முதுமையில் மூளை தேய்கிற வியாதி, இப்போது ஆரம்பம், வருஷத்துக்கு வருஷம் கூடும் என்று அவர் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் அக்காள் ஞானத்துக்கு நீ இருதய மாத்திரை அனுப்பினாய். காலையில் ஒன்று கொடுக்கும்படி கடிதம் எழுதினாய். நான் காலையும் மாலையும் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கொடுத்தேன். ஞானம் போன அன்று நீ சீசாவைத் தட்டில் கொட்டி எண்ணிவிட்டு, எல்லார் எதிரிலும், "மாமா, ஒண்ணுதான எழுதினேன்?" என்று கேட்டாய். நான்தான் தப்பாகப் படித்திருப்பேன் என்றேன். எப்படித் தப்பாகப் படித்தேன் என்று நாலு மாதமாக விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. வியாதி என்று ஒரு பெயர் கிடைத்தால் கொஞ்சம் தாங்க முடிகிறது.

அடுத்த வருஷம் பார்க்கும் டாக்டருக்கு என்று அவர் ஒட்டிக் கொடுத்த உறை பீரோவில் பத்திரம். என் பெயருக்கு இல்லாததால் பிரிக்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சிங்காரவேலு


சென்னை
20-3-1964

மதிப்புக்குரிய மாமாவுக்கு, கோதண்டராமனின் வணக்கம்.

இங்கே அனைவரும் சுகம். தங்கள் கடிதம் கிடைத்தது. நல்லபடியாக ஊர் சேர்ந்ததில் நிம்மதி.

சில விஷயங்களைத் தயவுசெய்து கடைப்பிடிக்கவும். வீட்டில் எந்த மருந்தும் தங்கள் கைக்கு வரக் கூடாது. ஜெயத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். கோட்டைப் பக்கம் தனியே நடக்கப் போக வேண்டாம். கணக்கு, எழுத்து என்று மூளையைச் சிரமப்படுத்த வேண்டாம்.

அக்காவைப் பற்றி இனி யோசிக்காதீர்கள். நைனா இறந்தபோது எனக்கு ஆறு வயது. என்னை வளர்த்துப் படிக்கவைத்தவள் அவள். எனக்கே அந்த நாளை நினைக்க முடியவில்லை. வியாதி செய்ததற்கு மனிதர் பொறுப்பல்ல. நான் தங்களைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

கோதண்டராமன்


செஞ்சி
7-7-1964

தம்பி கோதண்டராமனுக்கு, மாமன் எழுதுவது.

வெயில் தணிந்து இரண்டு மழை பெய்தது. எல்லோருக்கும் உடம்பு சௌகரியம். உனக்குச் சளி பிடித்திருந்ததாக ஜெயம் சொன்னாள், குணமாயிற்றா?

நீ சொன்னபடி நடக்கிறேன். ஊருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காந்தி பஜாரில் எனக்குக் காது கேட்காது என்பதுபோல உரக்கப் பேசுகிறார்கள். டீக்கடை பச்சமுத்து தினமும், "சாரே, இன்னிக்கு இன்னா கெழம, சொல்லு பாக்கலாம்?" என்கிறான். செவ்வாய் என்றேன். "அட, சாரு இன்னும் முழுசா கெட்டுப்பூடலப்பா!" என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுகிறான்.

ஜெயத்தை நினைத்தால்தான் சங்கடம். போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் கிணற்றடியில் இருந்தாள். குழந்தை அழவே, மருந்து சீசாவை எடுத்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை, படித்தேன். ஈரக் கையோடு ஓடிவந்து பிடுங்கினாள். "ஒருத்தர் போனது போதும் நைனா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

மறந்துபோவதையெல்லாம் குறித்துவைக்கும்படி பெரிய டாக்டர் சொன்னார். மூன்று மாதத்தில் பதினான்கு. கண்ணாடி வைத்த இடம், ஒரு பழைய தாசில்தாரின் பெயர், இப்படி.

இன்னொன்று. எனக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் வந்த அன்றே சாராம்சம் எழுதி வரிசை எண் போட்டுவைப்பது என் வழக்கம், கச்சேரிப் பழக்கம். நேற்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். 4-11-63, எண் 214. "மைத்துனர் கடிதம். ஞானத்துக்கு மாத்திரை. காலை ஒன்று, மாலை ஒன்று." என் கையெழுத்துதான். ஆகவே கடிதத்தைப் படித்த அந்த நிமிஷத்திலேயே வியாதி இருந்திருக்கிறது. பெரிய டாக்டருக்கு இது உபயோகப்படுமானால் தெரிவிக்கவும்.

அன்புடன்
சிங்காரவேலு


சென்னை
13-7-1964

மாமா அவர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சளி விட்டுவிட்டது. ஜெயத்தின் குழந்தைக்கு இப்போது தேவலையா?

கணக்கு, எழுத்து வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தேன்; பழைய பதிவேடுகளைப் புரட்டக் கூடாது. அது மனதைக் குழப்பும், வியாதியைக் கூட்டும். தங்களிடம் உள்ள எல்லாவற்றையும் கட்டி எனக்குப் பார்சலில் அனுப்பிவிடவும். டாக்டரிடம் நானே காட்டிக்கொள்கிறேன். இந்த வாரமே அனுப்பவும்.

கோதண்டராமன்


செஞ்சி
2-9-1964

தம்பி கோதண்டராமனுக்கு, நலம் விசாரித்து மாமன் எழுதுவது. இங்கு குறை ஒன்றும் இல்லை.

பதிவேட்டை அனுப்பாததற்கு மன்னிக்கவும். இரண்டு முறை கட்டினேன், இரண்டு முறை பிரித்தேன். பார்சலில் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம். உன் கடிதத்தின் அசல்கூட இங்கே இல்லை; காரியத்தன்று அவளுடைய மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து நீ எடுத்துப்போனாய். நேரில் வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்னிடம் ஒரு விவரம் கேட்க வேண்டும். ஞானத்துக்குக் கடைசி நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. வாந்தி. அதற்குமேல் ஒன்று. ஒரு சாயங்காலம் சாமி விளக்கேற்றிவிட்டு, "இன்னாங்க, வெளக்கச் சுத்தி மஞ்சளா வளையம் வளையமா தெரியுது" என்றாள். வாசல் சுவரும் மஞ்சளாக இருக்கிறது என்றாள். கண்ணில் புரை என்று நினைத்து, பொங்கல் கழித்து விழுப்புரத்தில் காட்டலாம் என்றேன். இது எதனுடைய அறிகுறி? வைத்தியம் படித்தவன் நீ, உனக்குத் தெரியும். அன்றே நான் உனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

சிங்காரவேலு


செஞ்சி
17-1-1965

தம்பி கோதண்டராமனுக்கு, மாமனின் பொங்கல் ஆசிகள்.

செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஞானத்தின் முதல் தெவசத்துக்கு அழைத்து ஒன்று, இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தெவசத்துக்கும் நீ வரவில்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நான் எழுதியது ஏதாவது உன்னை வருத்தியிருந்தால் மறந்துவிடு. தெவசத்தன்று எள்ளும் தண்ணீரும் மாப்பிள்ளைதான் விட்டார். என் கையால் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நான் அழவும் இல்லை. அழுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றியது.

வியாதி விஷயத்தில் ஒரு சங்கடம். மறந்தவற்றின் எண்ணிக்கை அக்டோபரில் மூன்று, நவம்பரில் ஒன்று, டிசம்பரில் இரண்டு. கூடும் என்று சொன்ன வியாதி குறைகிறது. குறித்துவைப்பதையே மறக்கிறேனோ என்று ஜெயத்திடமும் தனியாக ஒரு நோட்டு கொடுத்தேன். அவளுக்கும் அதே எண்ணிக்கைதான் வந்தது. "எனக்குத் தெரிஞ்சி நீங்க இப்ப ஒண்ணும் மறக்கறதில்ல நைனா. மாமாவாண்ட எழுதிக் கேளுங்க" என்றாள். அதனால் கேட்கிறேன். வருஷம் ஆகப்போகிறது. பெரிய டாக்டரிடம் மறுபடியும் போகலாமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்
சிங்காரவேலு


சென்னை
24-2-1965

மாமா அவர்களுக்கு வணக்கம். அனைவரும் சௌக்கியம். ஊரில் இந்தி எதிர்ப்புக் கலவரம். குண்டடி பட்டவர்களைக் கொண்டுவந்தபடி இருந்தார்கள். வீட்டுக்கே போகவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

இந்த வியாதி சில மாதங்கள் தணிந்ததுபோல இருக்கும். அதை நம்பக் கூடாது. மறு பரிசோதனை தேவையில்லை, வீண் அலைச்சல். எண்ணிக்கை குறைந்தது என்கிறீர்கள். எண்ணுவதும் அதே மூளைதானே மாமா? ஜெயம் தங்கள் மேல் உள்ள பிரியத்தில் சொல்லியிருப்பாள்.

தாங்கள் கேட்ட கண் விஷயம் சாதாரணப் புரைதான்.

கோதண்டராமன்


செஞ்சி
21-6-1965

தம்பி கோதண்டராமனுக்கு, மாமன் எழுதுவது. ஜெயமும் குழந்தையும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பேச்சை மீறி ஒரு காரியம் செய்துவிட்டேன். புதுச்சேரியில் மூளை வியாதிகளுக்கென்று ஒரு டாக்டர் இருப்பதாக மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். நான் போகலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். ஜெயம் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் முடிவு செய்தேன். அன்று அமாவாசை என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. மேல்மலையனூர் போகிற கூட்டம் எதிரே சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. போய்ச் சேர மத்தியானமாயிற்று.

சின்ன வயசுக்காரர். ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார். கிழமை, ஐந்து சாமான், எல்லாம் கேட்டார். நூறிலிருந்து கழித்துக்கொண்டே வந்து இரண்டில் நின்றேன். "அதுக்குமேல கழிக்க முடியாது பெரியவரே, போதும்" என்று சிரித்தார். பிறகு ஒட்டிய உறையைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். ஜெயத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

அதில் நான் கிழமை தவறியதும் கழித்தலில் நின்றதும் இரண்டு வரி. மனைவி இறந்து நாலு மாதத்தில் அது யாருக்கும் தடுமாறும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் இவர். மீதி முழுவதும் நோயாளியின் மைத்துனர், டாக்டர், தெரிவித்தது. அதில் முக்கியமானதாகக் கோடிட்டிருப்பது: "ஒரு மாத்திரை என்று எழுத்தில் தெளிவாக இருந்தும் இரண்டு கொடுத்து, மனைவி இறக்கக் காரணமானார்."

இவர் எழுதித் தந்த சீட்டில் இருப்பது: அந்த வியாதி இப்போது இல்லை, பதினைந்து மாதத்துக்கு முன் இருந்ததாகவும் தெரியவில்லை, இனி வராது என்று சொல்ல இயலாது.

நான் ஏன் இரண்டு கொடுத்தேன் என்றால், வியாதி என்றோம். வியாதி என்பதற்கு என்ன சாட்சி என்றால், இரண்டு கொடுத்தது. கச்சேரியில் சிலர் பட்டாவுக்கு ஆதாரமாக ரசீதைக் காட்டுவார்கள். ரசீதுக்கு ஆதாரம் கேட்டால் அதே பட்டாவைக் காட்டுவார்கள். அப்படி வந்த காகிதக் கட்டுகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் சொந்த விஷயத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

வியாதி இல்லையென்றால், எண் 214 சரியாக எழுதப்பட்டது.

இந்தக் கடிதத்தை நாலாவது முறையாக எழுதுகிறேன். முந்தின மூன்றையும் கிழித்துவிட்டேன். என்னால் கேட்க முடியுமா என்று தெரியாமல் இருந்தது. கேட்கிறேன். 2-11-63 தேதியிட்ட கடிதத்தில் நீ எழுதியது ஒன்றா, இரண்டா?

சிங்காரவேலு


செஞ்சி
20-9-1965

தம்பி கோதண்டராமனுக்கு. இங்கு யாவரும் நலம். நீயும் நலம் என்று ஜெயத்துக்கு வந்த உன் கார்டில் பார்த்தேன்.

எனக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை. யுத்தத்தால் தபால் தடைப்படுகிறதோ என்று இங்குள்ள போஸ்ட் மாஸ்டரிடம் விசாரித்தேன். பட்டணத் தபால் ஒழுங்காக வருகிறது என்றார். ஆகவே இதை ரிஜிஸ்தர் செய்து, ஒப்புகைச் சீட்டோடு அனுப்புகிறேன்.

ஒன்றா, இரண்டா?

சிங்காரவேலு


சென்னை
24-10-1965

மாமா,

வணக்கம் சொல்லவும் நலம் விசாரிக்கவும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு. நான் எழுதியது இரண்டு.

அன்று வார்டில் இன்னொரு நோயாளிக்கு அதே மாத்திரை, அவருக்கு இரண்டு வேளை. அந்தச் சீட்டை எழுதிவிட்டு, அதே மேஜையில், அதே பேனாவால் உங்கள் கடிதத்தை எழுதினேன். அக்காவின் வயதுக்கும் உடம்புக்கும் ஒன்றுக்கு மேல் கூடாது என்று எனக்குத் தெரியும்.

சீசாவைக் கொட்டி எண்ணிய அன்று நான் பொய் சொல்லவில்லை. ஒன்று என்று எழுதியதாகவே நிச்சயமாக நம்பினேன். நீங்களும் மறுக்கவில்லை. ஒரு வார்த்தை மறுத்திருந்தால் கடிதத்தை எடுத்துப் பார்த்திருப்போம். உங்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது அப்படி. காரியம் முடிந்து பட்டணம் வந்து அந்தச் சீட்டுகளைப் பிரித்தபோதுதான் என் எழுத்தைப் பார்த்தேன். மூன்று முறை படித்தேன். அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு எழுதியது, செய்தது எல்லாமே பொய். உங்களை ஏன் டாக்டரிடம் அழைத்துப் போனேன் என்று கேட்பீர்கள். பெரிய மனிதர் ஒருவர், உங்களுக்கு மறதி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நானும் அதை நம்பிவிடலாம் என்று நினைத்தேன். சில நாள் நம்பவும் செய்தேன். மஞ்சள் வளையம் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அந்த மாத்திரை அதிகமானால் வருவது அதுதான். அதோடு என் தூக்கம் போயிற்று.

என்னை வளர்த்தவள், மாமா. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். ஜெயத்திடம் மட்டும் சொல்லாமல் இருக்க முடியுமானால்... முடியாதென்றால், உங்கள் இஷ்டம். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன்.

கோதண்டராமன்


செஞ்சி
8-11-1965

தம்பி கோதண்டராமனுக்கு, சிங்காரவேலு எழுதுவது.

உடம்பு எனக்கு நலம். உனக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தாய். கடிதத்தைப் போட்ட பிறகாவது தூங்கினாயா?

வந்த அன்றே பதிவேட்டில் சாராம்சம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் முறை. ஜெயம் பயந்துபோய், "இன்னா நைனா, இன்னா பண்ணுது?" என்று தோளைப் பிடித்தாள். நான் உன் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை, தெரிந்தேதான் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். மடித்தாள். "ரெண்டு வருசமா உங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலயே நான்" என்றாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாள். அதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ மன்னிப்பு கேட்டிருக்கிறாய். தவறி எழுதியதற்கு மன்னிப்பு எதற்கு? நானும் எத்தனையோ தவறி எழுதியிருக்கிறேன். என் தவறால் யாரும் சாகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். மற்றதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். ஒன்று இருக்கிறது.

எனக்கு எழுபது நடக்கிறது. இல்லை என்று புதுச்சேரி டாக்டர் சொன்ன வியாதி நாளை உண்மையாகவே வரலாம். அவரும் அதை மறைக்கவில்லை. வந்தால் எது முதலில் போகும் என்று அவரிடம் அன்றே கேட்டுவைத்தேன். புதியது முதலில் போகும், பழையது தங்கும் என்றார். அப்போது அதைச் சும்மா குறித்துக்கொண்டேன். இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் புதியது. ஞானத்தை நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அதைவிடப் பழையவை. உன் கடிதம் போய்விடும். அவை தங்கிவிடும்.

அப்போது நீ வர வேண்டும். நான் யார் என்று உனக்குத் தெரியும். நீ யார் என்று எனக்குத் தெரியாமல் போகலாம். அவளுக்கு மாத்திரையை அதிகமாகக் கொடுத்தது நான்தானே என்று உன்னிடம் கேட்பேன். இல்லை, நான்தான் அப்படி எழுதினேன் என்று நீ சொல்ல வேண்டும். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்பேன். மறுபடியும் சொல்ல வேண்டும். எத்தனை முறை கேட்டாலும், நேற்றே சொன்னேனே என்று மட்டும் சொல்லாதே.

சிங்காரவேலு